ஒற்றை ஃபோட்டானும் ரகசியச் சாவியும்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாக்களிலும், மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சிகளிலும், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நண்பர்களிடமும் ஒற்றை ஃபோட்டான் ஆய்வைப் பற்றிப் பேசும்போது ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நின்ற இடத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லும் பதில் போதுவதில்லை. அதனால் இங்கே ஆற அமர எழுதியிருக்கிறேன். இயற்பியல் படிக்காதவர்களும் படிக்கலாம். கணக்கு வரும் இடங்களில் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஃபோட்டான் என்பது என்ன? எவ்வளவு சின்னது?

ஒளியில் அதற்குமேல் பங்கு போட முடியாத அளவுதான் ஃபோட்டான். சூடான பொருள்கள் விடும் ஒளியை விளக்குவதற்காக, ஆற்றல் துண்டு துண்டாகத்தான் கைமாறுகிறது என்று 1900-இல் மாக்ஸ் பிளாங்க் கணக்கு வைத்தார். ஒளியே அப்படிப்பட்டதுதான் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னார்.

வகுப்பறையில் ஆசிரியர் பயன்படுத்தும் சிவப்பு லேசர் பேனா, 1 மில்லிவாட் திறன் உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு வினாடியில் வெளியே வரும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை, 3 போட்டு அதற்குப் பின்னால் பதினைந்து சுழியம். நாங்கள் வேலை செய்வது அதில் ஒன்றோடு. ஒன்றை அனுப்பி, அந்த ஒன்று வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் இந்தத் துறையின் அன்றாடம்.

லேசரை மங்கலாக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஒன்றுதானே மிஞ்சும்? அதற்கு எதற்கு ஆராய்ச்சி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பொறியாளர்கள்தான் அதிகம் கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. கறுப்புக் கண்ணாடிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து லேசரை எவ்வளவு வேண்டுமானாலும் மங்கலாக்கலாம். ஆனால் மங்கலான லேசர் வேறு, ஒற்றை ஃபோட்டான் வேறு.

லேசர் துடிப்பு ஒவ்வொன்றிலும் சராசரியாக 0.1 ஃபோட்டான் இருக்கும்படி மங்கலாக்கிவிட்டோம் என்று வையுங்கள். பத்துத் துடிப்புக்கு ஒன்று என்று ஒழுங்காக வராது. லேசரில் ஃபோட்டான்கள் ஒன்றோடொன்று பேசி வைத்துக்கொண்டு புறப்படுவதில்லை, தற்செயலாக விழுகின்றன. ஆயிரம் துடிப்பு அனுப்பினால் ஏறத்தாழ 905 காலியாகப் போகும். சுமார் 90-இல் ஒன்று இருக்கும். மீதி ஐந்தில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். காலியாக இல்லாத துடிப்புகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், இருபதில் ஒன்றில் கூடுதல் ஃபோட்டான் ஒளிந்திருக்கிறது.

வெளிச்சம் தேவைப்படுகிற வேலைக்கு இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ரகசியம் அனுப்பும் வேலைக்குக் கெட்டுப்போகும். ஒரே செய்தியைச் சுமந்த இரண்டு ஃபோட்டான்கள் போனால், ஒட்டுக்கேட்பவர் ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். வாங்குபவருக்குச் சந்தேகமே வராது. இன்னும் மங்கலாக்கி 0.01-க்குக் கொண்டுபோனால் ஆபத்து குறையும். ஆனால் நூறில் தொண்ணூற்றொன்பது துடிப்பு காலியாகப் போகும், வேகம் படுத்துவிடும்.

ஒரு நல்ல மாற்றுவழி இருக்கிறது. பிரகாசம் கூடிய, குறைந்த துடிப்புகளை இடையிடையே ஏமாற்றுக்காகக் கலந்து அனுப்பினால், யாராவது கூடுதல் ஃபோட்டான்களைப் பொறுக்குகிறார்களா என்பது வந்து சேரும் கணக்கிலேயே தெரிந்துவிடும். 2003-இல் தோன்றிய இந்த யோசனை 2005 வாக்கில் முழு வடிவம் பெற்றது. இன்று விற்பனைக்கு வரும் கருவிகளில் பெரும்பாலானவை உண்மையான ஒற்றை ஃபோட்டான் மூலத்தை வைத்திருப்பதில்லை, மங்கலான லேசரையும் இந்த உத்தியையும்தான் வைத்திருக்கின்றன. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, உண்மையான ஒற்றை ஃபோட்டான் எங்கிருந்து வருகிறது?

ஒரே ஓர் அணுவிலிருந்து. ஒரு தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஊற்றிய தோசையை எடுத்த பிறகுதான் அடுத்ததை ஊற்ற முடியும், ஒரே நேரத்தில் இரண்டு வராது. அணுவும் அப்படித்தான். ஆற்றலை வாங்கி மேல்நிலைக்குப் போகும், ஒரு ஃபோட்டானை விட்டுவிட்டுக் கீழே இறங்கும், மறுபடி ஏற்றினால்தான் அடுத்தது. 1977-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிம்பிள், டகெனை, மேன்டல் மூவரும் சோடியம் அணுக்களை வைத்து இதைக் காட்டினார்கள். ஒரு ஃபோட்டான் வந்தவுடன் அடுத்தது வரக் கொஞ்சம் தாமதமாகிறது என்று அளந்தார்கள். ஒளியை வெறும் அலையாக மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தாமதத்தை விளக்க முடியாது.

ஓர் அணுவைத் தனியாகப் பிடித்து வைப்பது பெரும்பாடு என்பதால், அணுபோல நடந்துகொள்ளும் திடப்பொருள்களைப் பலர் நாடுகிறார்கள். வைரத்துக்குள் ஒரு கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்து, அதன் பக்கத்து இடம் காலியாக இருந்தால், அந்தச் சின்னக் குறையே ஒற்றை ஃபோட்டான்களை விடும், அதுவும் அறை வெப்பத்திலேயே. குறைகடத்திக்குள் சில நானோமீட்டர் அளவில் வளர்க்கும் குவாண்டம் புள்ளிகள் இன்னொரு வழி. அவை நல்ல தரமான ஃபோட்டான்களைத் தருகின்றன, ஆனால் மிகவும் குளிரில் வைக்க வேண்டும்.

சிறிய ஆய்வகத்துக்கு ஏற்றது மூன்றாவது வழி. 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசரை ஒருவகைப் படிகத்துக்குள் செலுத்துகிறோம். பெரும்பாலான ஃபோட்டான்கள் அப்படியே கடந்துபோகும். மிக அரிதாக ஒன்று இரண்டாகப் பிரிந்து, 810 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு ஜோடியாக வெளியே வரும். ஆற்றல் கணக்கு சரியாக இருக்கும், இரண்டுக்கும் பாதிப் பாதி. ஜோடியில் ஒன்றை, ஒளியை உணரும் கருவியான டிடெக்டரில் பிடித்துவிட்டால், மற்றது இந்த நொடியில் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியும். எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் வந்ததை அறிவிக்க ஆள் இருக்கிறது.

ஒன்றுதான் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? யார் போய் எண்ணிப் பார்த்தது?

இந்தத் துறையின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. "எங்களிடம் ஒற்றை ஃபோட்டான் மூலம் இருக்கிறது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். காட்ட வேண்டும்.

பாதி ஒளியை நேராக விட்டுப் பாதியைத் திருப்பிவிடும் கண்ணாடி ஒன்று உண்டு, ஒளிபிரிப்பான். அதன் இரண்டு வாசல்களிலும் ஒவ்வொரு டிடெக்டர் வைக்கிறோம். ஒற்றை ஃபோட்டான் வந்து விழும்போதெல்லாம் டிடெக்டர் ஒரு மின்துடிப்பைத் தரும், ஆய்வகத்தில் அதைக் 'கிளிக்' என்போம். வருவது சாதாரண ஒளி என்றால் சில சமயம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிளிக் ஆகும். வருவது ஒரே ஃபோட்டான் என்றால் ஆகவே ஆகாது. பங்கு போட முடியாத ஒன்று இரண்டு வாசலிலும் இருக்க முடியாது அல்லவா?

ஆகவே நாங்கள் எண்ணுவது, இரண்டும் சேர்ந்து கிளிக் ஆன தருணங்களை. தற்செயலாகச் சேர வேண்டிய எண்ணிக்கையோடு அதை ஒப்பிட்டால் ஓர் எண் கிடைக்கும். ஆய்வகப் பேச்சில் அது 'ஜி-2'. லேசருக்கு அது 1. நட்சத்திர ஒளி, மின்குமிழ் ஒளி போன்றவற்றுக்குக் கொள்கைப்படி 2, அதாவது அந்த ஃபோட்டான்கள் கூட்டமாக வரும் சுபாவம் உள்ளவை. பிசிறில்லாத ஒற்றை ஃபோட்டானுக்கு 0. அளந்த எண் 0.5-க்குக் கீழே இறங்கினால், எதிரே இருப்பது ஒரே ஓர் ஒளிமூலம் என்று ஏற்றுக்கொள்வது வழக்கம். நடைமுறையில் சுத்தமான சுழியம் வராது. எங்கிருந்தோ கசியும் வெளிச்சமும், இருட்டிலேயே டிடெக்டர் தானாகப் போடும் பொய் கிளிக்குகளும் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அந்தப் பொய் கிளிக்குகளுக்கு டார்க் கவுண்ட் என்று பெயர்.

இந்த ஏற்பாட்டை முதலில் செய்தவர்கள் ஹான்பரி பிரவுனும் டுவிஸும். 1956-இல் அவர்கள் அளக்க நினைத்தது நட்சத்திரத்தின் அகலத்தை. அதே ஏற்பாட்டைத் திருப்பி வைத்து, ஒற்றை ஃபோட்டானுக்கு இரட்டைக் கிளிக் இல்லை என்று 1986-இல் பிரான்சில் கிரான்ஜியர், ரோஜர், அஸ்பே மூவரும் காட்டினார்கள்.

இங்கே ஒருவரை நினைக்காமல் போக எனக்கு மனம் வராது. கோட்டயம் பக்கத்தில் பிறந்து, சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்த ஜார்ஜ் சுதர்சன், எந்த ஒளியைப் பழைய அலைக் கணக்கால் விளக்கலாம், எந்த ஒளியை விளக்க முடியாது என்று பிரித்துக் காட்டும் கணித வடிவத்தை 1963-இல் தந்தார். ஒற்றை ஃபோட்டான் இரண்டாவது வகை. அந்த வடிவத்துக்கு இன்று கிளாபர்-சுதர்சன் என்று பெயர். 2005-இல் இத்துறைக்கு நோபல் பரிசு வந்தபோது கிளாபர் பெயர் இருந்தது, சுதர்சன் பெயர் இல்லை. அவர் பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

பிரியாது என்றால், ஒளிபிரிப்பானில் அது எந்தப் பக்கம் போகிறது?

கிளிக் ஆகும்வரை 'இந்தப் பக்கம்' என்று ஒன்று இல்லை. மேலே சொன்ன கிரான்ஜியர், ரோஜர், அஸ்பே மூவரும் அதே ஃபோட்டான்களை வைத்து இரண்டு பாதைகளையும் மறுபடி ஒன்றுசேர்த்தபோது அலைகளுக்கு உரிய குறுக்கீடு தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் அது தெரியாது. எந்த டிடெக்டர் கிளிக் ஆகும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதை அப்படியே பயன்படுத்தி, யூகிக்க முடியாத எண்களை உண்டாக்கும் கருவிகள் செய்து விற்கிறார்கள்.

இதை வைத்து ரகசியம் காப்பது எப்படி?

முதலில் ஒன்று. ஃபோட்டானில் நாம் அனுப்புவது கடிதத்தை இல்லை, சாவியை. சாவி என்றால் இருவரிடம் மட்டும் இருக்கும் 0, 1 வரிசை. அந்த வரிசை கையில் இருந்தால் கடிதத்தைப் பூட்டிச் சாதாரண இணையத்திலேயே அனுப்பலாம். சாவியை எப்படிக் கைமாற்றுவது என்பதுதான் பழைய தலைவலி.

கவிதா ஜார்ஜ்டவுனில், குமார் பட்டர்வொர்த்தில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒளி அதிரும் திசைக்குப் பாடநூலில் தளவிளைவு என்று பெயர். கவிதா ஒவ்வொரு ஃபோட்டானையும் நான்கில் ஒரு திசையில் அனுப்புகிறாள்: படுக்கை, செங்குத்து, வலச்சாய்வு, இடச்சாய்வு. படுக்கையும் செங்குத்தும் ஒரு ஜோடி, சாய்வுகள் இரண்டும் இன்னொரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று 0, மற்றது 1. எந்த ஜோடி என்பதையும் எந்த எண் என்பதையும் அவள் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கிறாள். குமாரும் எந்த ஜோடியில் அளப்பது என்று குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கிறான். ஜோடி ஒத்துப்போனால் சரியான எண் கிடைக்கும், ஒத்துப்போகாவிட்டால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. பிறகு தொலைபேசியில் ஜோடிகளை மட்டும் வெளிப்படையாக ஒப்பிடுகிறார்கள், எண்களைச் சொல்வதில்லை. ஒத்துப்போகாத பாதியைத் தூக்கிப் போட்டால் மீதி இருவருக்கும் பொது.

நடுவில் ஒருவன் ஃபோட்டானைப் பிடித்து அளந்து, தான் கண்டபடி புதிதாக ஒன்றை அனுப்புகிறான் என்று வைப்போம். அவனுக்கும் ஜோடி தெரியாது. பாதி நேரம் தவறான ஜோடியில் அளப்பான், அந்தப் பாதியில் குமாருக்குப் பாதி தப்பாகப் போகும். ஆக மொத்தம் நான்கில் ஒன்று பிழை. கவிதாவும் குமாரும் சாவியில் ஒரு பகுதியை எடுத்துச் சத்தமாகப் படித்து ஒப்பிட்டால் 25 விழுக்காடு பிழை பல்லிளித்துவிடும். ஒளி போகும் கண்ணாடி இழையான ஃபைபரும் டிடெக்டரும் தாமாகச் செய்யும் பிழையும் கொஞ்சம் இருக்கும். மொத்தப் பிழை சுமார் 11 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தச் சாவி வேண்டாம், மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

சார்லஸ் பென்னட்டும் ஜில் பிராசார்டும் 1984-இல் இதை வெளியிட்டார்கள். வெளியிட்ட இடம் பெங்களூரில் நடந்த ஒரு மாநாடு. இருவர் பெயரின் முதலெழுத்தும் அந்த ஆண்டும் சேர்ந்துதான் இதன் பெயர் பிபி84. 1989-இல் முதல் கருவி ஓடியபோது ஃபோட்டான்கள் கடந்த தூரம் ஓர் அடிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஒட்டுக்கேட்பவன் அளக்காமல் ஒரு நகல் மட்டும் எடுத்துக்கொண்டால்?

எடுக்க முடியாது. தெரியாத நிலையில் உள்ள ஒரு ஃபோட்டானைப் பிசகாமல் நகலெடுக்கும் கருவியைச் செய்யவே இயலாது என்று 1982-இல் வூட்டர்ஸும் ஜூரெக்கும் சேர்ந்தும், டீக்ஸ் தனியாகவும் நிறுவினார்கள். குவாண்டம் கணக்கு நேர்கோட்டுக் கணக்கு என்பதிலிருந்து சில வரிகளில் வரும் முடிவு அது. நல்ல கருவி கண்டுபிடித்தால் மாறிவிடும் விஷயம் இல்லை.

பினாங்குப் பாலத்தைத் தாண்டுமா? கோலாலம்பூர்வரை போகுமா?

பாலத்தை நன்றாகவே தாண்டும். நல்ல ஃபைபரில், 1550 நானோமீட்டர் ஒளி 15 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாதியாகும், 50 கிலோமீட்டருக்கு ஒருமுறை பத்தில் ஒன்றாகும். இந்த இரண்டு எண்ணை நினைவில் வைத்தால் போதும். முதல் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். அந்த நீளத்துக்கு ஃபைபர் போட்டால் பாதிக்கும் சற்று மேலான ஃபோட்டான்கள் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போய்ச் சேரும். சுமார் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இந்தத் தூரங்களில் சாவிப் பரிமாற்றம் உலகின் பல நகரங்களில் நடந்துகொண்டிருக்கிறது.

கோலாலம்பூர் வேறு கதை. சாலை வழியே ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ஐம்பது ஐம்பதாக ஏழு முறை பத்தில் ஒன்றாக்குங்கள்: ஒரு கோடியில் ஒன்று மிஞ்சும். இங்கே வினாடிக்குப் பத்துக் கோடி ஃபோட்டான் அனுப்பினால் அங்கே பத்து. டிடெக்டரின் பொய் கிளிக்குகளுக்கு நடுவே அந்தப் பத்தை அடையாளம் காண்பதே சிரமம்.

சாதாரண இணையத்தில் வழியில் பெருக்கி வைத்து சிக்னலைத் தூக்கிவிடுவார்கள். இங்கே அது நடக்காது. பெருக்குவது என்றால் நகலெடுப்பது, அதைத்தான் இயற்கை மறுத்துவிட்டதே! நமக்கு அரணாக இருக்கும் அதே விதிதான் நம் தூரத்தையும் கட்டிப்போடுகிறது.

இதற்கு உலகம் தேடும் வழிகளில் முதலாவது, நம்பகமான இடைநிலையங்கள். சீனாவில் பெய்ஜிங்-ஷாங்காய் இடையே சுமார் 2,000 கிலோமீட்டருக்கு 32 நிலையங்களை வைத்து இணைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் சாவி வெளியே வந்து மறுபடி உள்ளே போகிறது. அதனால் அங்கே காவலுக்கு இருப்பவர்களை நம்பியாக வேண்டும். இரண்டாவது, இரு முனைகளிலிருந்தும் ஒளியை நடுவில் சந்திக்கவைக்கும் இரட்டைப்புல முறை. 2018-இல் முன்மொழியப்பட்ட இதைக்கொண்டு 2023-இல் சீனாவில் 1,000 கிலோமீட்டர் ஃபைபரைத் தாண்டினார்கள், சாவி வந்த வேகம் மிகக் குறைவு என்றாலும். மூன்றாவது, ஃபோட்டானின் நிலையை அளக்காமலே சேமித்து வைக்கும் குவாண்டம் நினைவகங்களை வைத்த இடைமாற்றிகள். அவை இன்னும் ஆய்வகத்தை முழுதாக விட்டு வெளியே வரவில்லை. நீண்ட காலத்துக்குத் தீர்வு இதுதான் என்பது என் எண்ணம். நான்காவது, செயற்கைக்கோள். அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஃபைபர் இல்லாமல் கொடிமலை உச்சியிலிருந்து காற்று வழியாக அனுப்பலாமா? மழை பெய்தால்?

அனுப்பலாம். 2007-இல் கேனரித் தீவுகளில் ஒரு மலையிலிருந்து இன்னொரு தீவின் மலைக்கு 144 கிலோமீட்டர் தூரம் ஒற்றை ஃபோட்டான் அளவில் சாவி அனுப்பினார்கள். கொடிமலை 800 மீட்டருக்கு மேல் உயரம், பட்டர்வொர்த் கண்ணுக்குத் தெரியும் தூரம். கணக்குப்படி எளிது. நம் சிக்கல் வானிலை. மழை, மேகம், புகைமூட்டம் மூன்றுமே ஃபோட்டான்களைத் தின்றுவிடும். மலை உச்சியில் மாலை நேரத்தில் மேகம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பகலில் சூரிய ஒளி வேறு டிடெக்டரை நிரப்பிவிடும்.

செயற்கைக்கோளுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. கெட்டியான காற்று கடைசிப் பத்து கிலோமீட்டரில்தான் இருக்கிறது, அதற்கு மேலே பெரும்பாலும் வெற்றிடம். 2016 ஆகஸ்டில் சீனா ஏவிய மிசியஸ், அடுத்த ஆண்டே 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு நிலையங்களுக்குப் பின்னிப்பிணைந்த ஃபோட்டான் ஜோடிகளை, அதாவது எவ்வளவு தூரத்தில் அளந்தாலும் முடிவுகள் ஒத்துப்போகும் ஜோடிகளை, அனுப்பிக் காட்டியது. பக்கத்து நாடான சிங்கப்பூர், ஒரு கையில் தூக்கக்கூடிய அளவிலான ஸ்பூக்கி-1 என்ற சிறு செயற்கைக்கோளை 2019-இல் விண்ணில் விட்டு, அத்தகைய ஜோடிகளை அதற்குள்ளேயே உண்டாக்கியது. ஆனாலும் நிலநடுக்கோட்டு மேகங்கள் நம்மை விடுவதாக இல்லை. மலேசியாவில் தரைநிலையம் அமைப்பதானால் ஒன்று போதாது, வெவ்வேறு வானிலை உள்ள சில இடங்களில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பின்னிப்பிணைந்த ஃபோட்டான்கள் மூலம் ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்கிறார்களே?

முடியாது. ஜோடியில் இரண்டையும் எவ்வளவு தூரத்தில் அளந்தாலும் முடிவுகள் ஒத்துப்போகும், அது உண்மை. 2022 நோபல் பரிசு அஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் அந்தச் சோதனைகளுக்காகத்தான் வந்தது. ஆனால் இந்தப் பக்கம் எந்த முடிவு வரும் என்பது நம் கையில் இல்லை. நம் கையில் இல்லாததை வைத்துச் செய்தி எழுத முடியாது.

வீட்டுக்கு வரும் இன்டர்நெட் ஃபைபரிலேயே இதையும் அனுப்பலாமா?

கண்ணாடி இழை ஒன்றுதான். சிக்கல் கூட்டாளிகளால் வருகிறது. 1 மில்லிவாட் சாதாரண சிக்னலில் வினாடிக்கு 8 போட்டுப் பதினைந்து சுழியம் அளவுக்கு ஃபோட்டான்கள் ஓடும். அதில் மிகச் சிறு பகுதி கண்ணாடியில் சிதறி நிறம் மாறி நம் அலைநீளத்தில் வந்து விழுந்தாலே நம் ஃபோட்டானைத் தேட முடியாமல் போகும். அலைநீளங்களைத் தள்ளி வைத்து, நிறவடிகட்டிகளை இறுக்கி, நேரத்தையும் நானோவினாடிக்குள் சுருக்கிப் பார்த்தால் இரண்டையும் ஒரே இழையில் ஓட்டலாம். பலர் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் உண்மையில் என்னதான் செய்வீர்கள்?

பெரும்பாலும் வெளிச்சத்தோடு சண்டை, ஈரத்தோடு சண்டை.

வெளிச்சம் முதலில். அறை விளக்கை அணைத்தால் மட்டும் போதாது. மின்கருவிகளின் சின்னப் பச்சை விளக்கு, கணினித் திரை, கதவிடுக்கு எல்லாமே டிடெக்டருக்குக் கொளுத்தும் வெயில். கறுப்பு டேப் ஒட்டி, கறுப்புத் துணியால் மூடி, ஃபைபர் முனைகளைப் பொதிந்து வைத்த பிறகுதான் எண்ணிக்கை கீழே இறங்கும். கைப்பேசியோடு உள்ளே வருபவரை எல்லாரும் முறைப்பார்கள்.

ஈரம் பினாங்குக்கே உரிய தொல்லை. ஐரோப்பியக் கையேடுகளில் இதற்குப் பெரிதாக இடம் இருக்காது. டார்க் கவுண்டைக் குறைக்க டிடெக்டரைச் சுழியத்துக்குக் கீழே குளிர்விக்கிறோம். நம் ஊர்க் காற்றில் 24 பாகைக்குக் கீழே போனாலே பனி பூக்கத் தொடங்கிவிடும். காற்றுப் புகாத பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொருள், இரண்டும் கட்டாயம். லென்ஸுகளை வெறும் அலமாரியில் வைத்தால் சில மாதத்தில் பூஞ்சணம் பிடித்து ஒளியைச் சிதறடிக்கும், ஈரம் நீக்கிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஏர்கண்டிஷனர் ஓடி நின்றால் மேசையின் உலோகம் ஒரு மயிரிழை நீளும் அல்லது சுருங்கும், காலையில் சரிசெய்த கண்ணாடிகளை மதியம் மறுபடி சரிசெய்ய வேண்டிவரும். இதையெல்லாம் அலுப்பு என்று நினைக்காதவர்களுக்குத்தான் இந்த வேலை. எனக்கு இது பிடித்திருக்கிறது. எண்ணிக்கை ஒவ்வொரு படியாக இறங்கி, ஜி-2 வரைபடத்தில் நடுவே அந்தப் பள்ளம் தெரியும்போது வரும் நிறைவு அலாதி.

"இதை ஹேக் செய்யவே முடியாது" என்று விளம்பரம் செய்கிறார்களே, உண்மையா?

அப்படிச் சொல்லக் கூடாது. இயற்பியல் விதியை உடைக்க முடியாது. கருவியை உடைக்கலாம். 2010-இல் நார்வே ஆய்வாளர்கள் முன்னின்று, விற்பனையில் இருந்த கருவிகளின் டிடெக்டர்மீது பலத்த ஒளியைப் பாய்ச்சி அதன் கண்ணைக் குருடாக்கி, தங்கள் விருப்பப்படி கிளிக் போடவைத்தார்கள். 2011-இல் சிங்கப்பூரில் ஒரு முழு இணைப்பையே இப்படி ஒட்டுக்கேட்டுக் காட்டினார்கள், பிழை விழுக்காடு ஏறவே இல்லை. இதைத் துறைக்கு நேர்ந்த அவமானமாக நான் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டே, டிடெக்டரை நம்பவே தேவையில்லாத ஒரு முறை முன்மொழியப்பட்டது.

இன்னொன்று. தொலைபேசியின் மறுமுனையில் பேசுவது குமார்தான் என்பதை ஃபோட்டான் உறுதிசெய்யாது. அதற்கு முன்கூட்டியே ஒரு சிறு ரகசியமோ வேறு ஏற்பாடோ வேண்டும்.

இன்றைய இணையப் பூட்டுகளை உடைத்துவிடக்கூடிய குவாண்டம் கணினிக்கும் அஞ்சாத புதிய கணித முறைகள் வேறு இருக்கின்றன. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் அவற்றில் மூன்றைத் தரமாக வெளியிட்டது. புதிய கம்பி வேண்டாம், மென்பொருளை மாற்றினால் போதும். அமெரிக்க, பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைப்புகள் இப்போதைக்கு அதைத்தான் பரிந்துரைக்கின்றன, ஃபோட்டான் முறையை இல்லை. வங்கியோ மருத்துவமனையோ என்னிடம் கேட்டால், முதலில் மென்பொருளை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். பல பத்தாண்டுகள் மறைத்து வைக்க வேண்டிய தகவலுக்கு, அதற்கு மேலே ஃபோட்டான் சாவியையும் சேர்க்கலாம்.

மலேசியாவில் இதை எங்கே படிக்கலாம்? மகள் படிவம் நான்கில் இருக்கிறாள், வேலை கிடைக்குமா?

எஸ்பிஎம்மில் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விட்டுவிட வேண்டாம். அப்புறம் எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன். பல்கலைக்கழகத்தில் இயற்பியல், மின்னணுவியல், கணினி, எதில் நுழைந்தாலும் இங்கே வர வழியுண்டு. பினாங்கிலேயே கெலுகோரில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஃபோட்டானிக்ஸ் ஆய்வு மையம் இருக்கிறது. புக்கிட் ஜாலிலில் உள்ள மைமோஸ் நிறுவனத்தில் குவாண்டம் சாவி ஆய்வு நடந்திருக்கிறது. மேற்படிப்புக்குச் சிங்கப்பூரில் 2007-இல் தொடங்கிய குவாண்டம் தொழில்நுட்ப மையம் பக்கம்தான்.

'குவாண்டம்' என்று பலகை போட்ட வேலைகள் இங்கே இன்னும் குறைவு. ஆனால் இந்தப் படிப்பில் கைவரும் வித்தைகள், அதாவது லேசரை மயிரிழையில் நேராக்குவது, இரைச்சல் குறைந்த மின்சுற்று செய்வது, நானோவினாடியை அளப்பது, பைத்தானில் தரவை அலசுவது, இவை பாயான் லெப்பாஸில் தினமும் தேவைப்படுபவை. 1972-இலிருந்து அங்கே சிப்பும் எல்இடியும் அளவைக் கருவிகளும் செய்து பழகிய ஊர் இது. அந்தத் தொழிற்சாலைகளில் நம் அப்பா அம்மாக்கள் எத்தனை பேர் ஷிப்ட் பார்த்திருக்கிறார்கள்! ஒற்றை ஃபோட்டான் கருவிகளைச் செய்யத் தேவையான கைத்திறன் இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் செய்து காட்டக்கூடிய சோதனை ஏதாவது உண்டா?

உண்டு, செலவும் குறைவு. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவுத் தாள் மூன்று துண்டு வேண்டும். ஒரு துண்டை விளக்குக்கு முன்னால் பிடியுங்கள். இரண்டாவதை அதன்மேல் வைத்து மெல்லச் சுற்றுங்கள். முதல் தாளுக்குச் செங்குத்தாக வந்ததும் இருட்டு. இப்போது மூன்றாவதை இரண்டுக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில் செருகுங்கள். மறைக்கும் தாளைக் கூடுதலாக வைத்தும் வெளிச்சம் திரும்பி வரும்! முதல் தாளைத் தாண்டிய ஒளியில், தாள் தரமானதென்றால், நான்கில் ஒரு பங்கு.

நடுத்தாள் ஒவ்வொரு ஃபோட்டானையும் 'நீ வலச்சாய்வா இடச்சாய்வா' என்று கேட்கிறது. கேட்டதிலேயே ஃபோட்டானின் பழைய திசை அழிந்துபோகிறது. மேலே நடுவில் நின்று ஒட்டுக்கேட்டவன் மாட்டிக்கொண்டது இதனால்தான். மாணவர்களைக் கவிதாவாகவும் குமாராகவும் ஒட்டுக்கேட்பவராகவும் பிரித்து, நான்கு திசை எழுதிய அட்டைகளையும் நாணயத்தையும் கொடுத்து பிபி84-ஐ விளையாடவைத்தால், ஒரு பாட நேரத்துக்குள் 25 விழுக்காட்டுப் பிழையை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அட்டைகள் குறைந்தது நூறாவது இருக்கட்டும். இருபது முப்பதோடு நிறுத்தினால் தற்செயல் ஏற்ற இறக்கத்தில் கணக்கு சரியாகத் தெரியாது.